நான் இடித்த மதில்

மாரி தொடங்கிய ஒரு மாலையில், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, எங்கள் ஒழுங்கையின் வளைவில் என் காரை அயல்வீட்டு மதிலில் இடித்தேன். பெரிய விபத்து அல்ல. இடப்பக்கத்து முன்விளக்கு உடைந்தது. பக்கக் கண்ணாடி பிய்ந்து வயரில் தொங்கியது. முன்கதவு உள்ளே அமுங்கியது. மதிலின் மூலையில் மேல்வரிசைக் கற்கள் சில சரிந்து விழுந்தன. எனக்கு முழங்காலில் ஒரு கண்டல் காயம், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் மறந்துபோயிருக்க வேண்டிய விஷயம். ஆனால் காப்புறுதிக் கம்பனியிடம் நட்டஈடு கேட்பதா விடுவதா என்ற கேள்வியைச் சுற்றி எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நான் மானிப்பாயில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது என் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடிவதற்கு முன்பே அங்கே நிற்கவேண்டும். அதற்காகத்தான் பல வருடங்கள் சம்பளத்தில் மிச்சம்பிடித்து அந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கினேன். வீடும் என்னுடையது. என் தாய்தகப்பன் சீதனமாக எழுதித் தந்தது. ஒழுங்கையின் கடைசி வீடு அது. பெரிய வீதிக்கு ஏற அந்த ஒழுங்கையைத் தவிர வேறு வழி இல்லை. அந்தப் பாதையில் எனக்குள்ள உரிமையும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு என்னோடு கதைத்த எல்லோரும் இதை மறந்துவிட்டே கதைத்தார்கள்.

வளைவில் இருக்கும் வீடு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவருடையது. என் கணவர் அவருக்குக் கீழே பல வருடங்கள் படிப்பித்தவர். முன்பு அந்த வீட்டுக்குத் தகரவேலிதான். ஒழுங்கை எப்படி வளைந்ததோ அப்படியே வேலியும் வளைந்து போகும். எதிரே ஒரு வாகனம் வந்தால் அந்த வளைவில் ஒதுங்கி நிற்கலாம். ஒழுங்கை முழுவதிலும் ஒதுங்குவதற்கு இருந்த ஒரே இடம் அது. பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகன் காசு அனுப்ப, தகரத்தைக் கழற்றிவிட்டு மதில் கட்டினார்கள். மதில் வளையவில்லை. நேராக வந்து, மூலை மடித்து, நேராகப் போனது. ஒதுங்குகிற இடம் மதிலுக்கு உள்ளே போய்விட்டது. அத்திவாரம் வெட்டிய நாட்களில் நான் ஒரு பயிற்சிக்காகக் கொழும்பில் நின்றேன். திரும்பி வந்தபோது இடுப்பளவுக்குக் கல் எழும்பியிருந்தது. கணவரிடம் கேட்டேன். “சேர் அளந்துதான் கட்டுவிக்கிறார்” என்றார். அதிபரை அவர் எப்போதும் சேர் என்றுதான் சொல்வார், நானும் அப்படித்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேலை, வீடு என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

விபத்து நடந்த அன்று மழை விட்டுவிட்டுப் பெய்தது. நான் வளைவை நெருங்க, உள்ளேயிருந்து காஸ் சிலிண்டர் ஏற்றும் சின்ன லொறி ஒன்று வேகமாக வெளியே வந்தது. விளக்கைத் தாழ்த்தவும் இல்லை. மதில் அங்கே நிற்பது எனக்குத் தெரியாததல்ல. அது கட்டிய நாளிலிருந்து தினமும் அதை உரசாமல் போய்வந்தவள் நான். ஆனால் லொறிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கார் நிற்க இடம் இல்லை. லொறியில் மோதாமல் இருக்க இடப்பக்கம் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் மதில் நின்றது. லொறிக்காரன் சற்றுத் தள்ளி நிறுத்தி, தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதன் இலக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

அதிபர் குடையோடு வெளியே வந்தார். கையில் ரோச் இருந்தது. வெளிச்சத்தை முதலில் மதிலில்தான் அடித்தார். மூலையைச் சுற்றிப் பார்த்தார். விழுந்து கிடந்த கற்களைக் காலால் புரட்டினார். அதன் பிறகு காருக்குள் அடித்தார்.

“பிள்ளை, காயம் ஏதும் பட்டதே?”

“இல்லை சேர்.”

“பயப்பிடாதையும். இன்சூரன்ஸ் இருக்குத்தானே?”

“ஓம்.”

“ஃபுல் இன்சூரன்ஸோ?”

“ஓம் சேர்.”

“பிறகென்ன. உம்மடை காரையும் செய்து தருவாங்கள், என்ரை மதிலையும் கட்டித் தருவாங்கள். ஒருத்தருக்கும் நட்டமில்லை.”

நான் காரை விட்டு இன்னும் இறங்கவும் இல்லை. அதற்குள் அவர் எல்லாவற்றையும் தீர்த்து முடித்துவிட்டார். அவருடைய மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கதவு திறக்க முடியாததால், மற்றப் பக்கத்தால் சுற்றி வந்து தந்தார். “குடி பிள்ளை, முதல்லை குடி” என்றார். அன்று என்னை மனுசியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சத்தம் கேட்டு என் கணவர் ஓடிவந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார், நான் உயிரோடு இருக்கிறேன் என்று கண்டதும் மதில் பக்கம் திரும்பினார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்” என்றார். “மழைக்கை இவவுக்குக் கண் தெரிஞ்சிருக்காது.”

எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. என்ன நடந்தது என்று என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

“நான் என்ன பிழை விட்டனான் எண்டு மன்னிப்புக் கேட்டனீங்கள்?”

“ஒரு மரியாதைக்குச் சொன்னது. அதைப் பெரிசாக்காதையும்.”

காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். தமிழில் கதைக்க ஓர் இலக்கத்தை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தியபின் நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் வந்த பெண், காரை நகர்த்தலாம், படம் எடுத்து வையுங்கள், காலையில் மதிப்பீட்டாளர் வருவார் என்றாள்.

காலையில் மழைக்கோட்டும் ஹெல்மெற்றுமாக மோட்டார் சைக்கிளில் மதிப்பீட்டாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். அவர் வருவதற்கு முன்பே அதிபர் மடிப்புக் கலையாத காற்சட்டையோடு மூலையில் நின்றார். என் கணவரும் பாடசாலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லி நின்றார். மதிப்பீட்டாளர் காரைச் சுற்றிப் படம் எடுத்தார், மதிலைப் படம் எடுத்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது அதிபர்.

“வளைவை மெத்தக் கிட்டவாத் திருப்பிப் போட்டா. மழை வேறை. கார் இழுத்துக்கொண்டு வந்திட்டுது. நான் கண்டனான்.”

அவர் எதையும் காணவில்லை. சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மதிப்பீட்டாளர் எழுதத் தொடங்கிவிட்டார். எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். ஒழுங்கையின் வளைவில் திரும்பும்போது சாரதி கட்டுப்பாட்டை இழந்து, அயல்வீட்டாரின் எல்லையில் உள்ள மதிலில் வாகனத்தை மோதினார். இப்படித்தான் இருந்தது.

“இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா.”

“தம்பி, எனக்கும் இதிலை ஒரு கொப்பி தருவியளோ?” என்று அதிபர் இடையில் கேட்டார்.

நான் பேனாவை வாங்கவில்லை.

“நான் கட்டுப்பாட்டை இழக்கேல்லை” என்றேன். “லொறி வந்தது. ஒதுங்க இடமில்லை. மதில் ஒழுங்கைக்கை நிக்குது. அதை எழுதுங்கோ.”

என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, “உந்தக் கதை இப்ப ஏன்” என்று மெல்லச் சொன்னார். அதிபர் சிரித்தார். பாடசாலையில் பிள்ளைகள் பிழையான விடை சொன்னால் சிரிக்கிற சிரிப்பு அது என்று நினைக்கிறேன்.

மதிப்பீட்டாளர் என்னைத் தனியே காருக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

“அக்கா, இது சும்மா ஒரு வசனம். உங்கடை பிழை எண்டாலும் உங்களுக்குக் காசு வரும், அதுக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ். காணிப் பிரச்சினைக்குள்ளை கம்பனி வராது. அதை எழுதினால் பொலிஸ் என்ட்ரி கேப்பினம், இழுபடும், சில நேரம் மறுக்கவும் கூடும். யோசிச்சுச் சொல்லுங்கோ.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. நான் செய்யாத பிழையை ஒத்துக்கொண்டால் எல்லாம் கெதியாக நடக்கும். நடந்ததை நடந்தபடி சொன்னால் இழுபடும்.

காரை ஒரு கராச்சில் கொண்டுபோய்க் காட்டினோம். கராச்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய கீறல்களையும் இதோடு சேர்த்துச் செய்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். வருடா வருடம் கம்பனிக்குக் கட்டினேன், ஒரு முறைகூட எதுவும் கேட்டதில்லை. ஒரு கையெழுத்து வைத்தால் கார் புதிதுபோல் வரும். எனக்கு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த நாள் விடியப்புறம் வீங்கிய முழங்காலோடு சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனபோது, வைத்துத் தொலைத்தால் என்ன என்றுதான் நினைத்தேன். கணவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போவதாகச் சொன்னார். அவர் பின்னால் ஏற எனக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் அதிபர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். அவர் என் கணவரைப் பார்த்தே கதைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இப்பிடி இழுத்தடிச்சால் கம்பனிக்காரர் சந்தேகப்படுவாங்கள். பிள்ளையைக் கெதியாக் கையெழுத்து வைக்கச் சொல்லும்.”

“ஓம் சேர், சொல்லுறன்.”

“சேர்” என்றேன் நான். “நான் இஞ்சைதான் இருக்கிறன். என்னோடை கதையுங்கோ.”

அவர் திரும்பினார்.

“சரி பிள்ளை, சொல்லும்.”

“மதில் எங்கை நிக்குது?”

“என்ரை காணியிலை.”

“அப்ப உறுதியையும் பழைய காணிப்படத்தையும் கொண்டு வாங்கோ. அளந்து பாப்பம். உங்கடை காணியிலை நிண்டால், நான் கோயில்லை எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கிறன்.”

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். “பிள்ளைக்கு இப்ப ஆத்திரம். ஆறட்டும். பேந்து கதைப்பம்” என்று என் கணவரிடம் சொன்னார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த கணவர், “அவரை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார்.

பிறகு ஒரு சனிக்கிழமை அதிபரின் மனைவி வந்தார். மார்கழியில் நத்தார்த் திருநாள் கேக்குக்குச் சாமான் நிறுக்க எங்கள் சின்னத் தராசை வருடா வருடம் வாங்கிப்போவார். தராசை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். முழங்காலைப் பற்றிக் கேட்டார். மகன் நத்தாருக்குக் குடும்பத்தோடு வரப்போகிறான் என்றார்.

“வரட்டும் அக்கா, கனகாலம்தானே.”

“ஓம். சும்மா வரேல்லை. வீட்டை மகன்ரை பேருக்கு எழுதப்போகினம். தை பிறக்க காணி அளக்கிற சேவையர் வந்து புதுப் படம் கீறுவாராம். இவர் மதிலோடை எல்லை போடச் சொல்லப்போறாராம். அயலுக்கை ஒருத்தரும் மறுப்புச் சொல்லாட்டில் சரியாம்.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். தராசை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“நான் அந்த நேரமே இவருக்குச் சொன்னனான் பிள்ளை, வேலி நிண்ட இடத்திலை கட்டுங்கோ எண்டு” என்றார். “என்ரை சொல்லை ஆர் கேக்கினம்.”

அவர் போனபின் நான் அடுப்படியில் நின்று யோசித்தேன். மதிப்பீட்டாளரிடம் அதிபர் கொப்பி எதற்குக் கேட்டார் என்று இப்போது விளங்கியது. அயல்வீட்டாரின் எல்லையில் உள்ள மதில் என்று நானே எழுதிக் கையெழுத்து வைத்திருந்தால், பிறகு சேவையர் முன்னால் நான் என்ன மறுப்புச் சொல்வது. இடித்ததற்குக் கிடைக்கிற காசோடு சேர்த்து என் பாதையையும் வாங்கிக்கொள்ளப் பார்த்தார் அந்த மனிதர். அதுவும் “பயப்பிடாதையும்” என்று சொல்லிக்கொண்டு.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய பிறகும் அந்தச் சட்டையையே சரிசெய்துகொண்டு நின்றார். அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்தவள் நான். எனக்கு அந்த முதுகு தெரியும்.

“அத்திவாரம் வெட்டேக்கை நீங்கள் அங்கை நிண்டனீங்களோ?”

“நிண்டனான்.”

“சேர் உங்களிட்டை ஏதும் கேட்டவரோ?”

“மூலையை நேராக்கினால் வடிவாயிருக்கும், உங்களுக்கு ஏதும் இடைஞ்சலோ எண்டு கேட்டவர்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இடைஞ்சல் இல்லைச் சேர் எண்டனான்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அதன் பிறகு எங்கள் கதை காரைப் பற்றியதோ மதிலைப் பற்றியதோ அல்ல. எங்கள் தேசவழமைச் சட்டப்படி, என் சொந்தச் சீதனக் காணியை நான் விற்பதென்றால் கணவரின் சம்மதம் வேண்டும். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு பிடி மண்ணைக்கூட நான் யாருக்கும் எழுதமுடியாது. ஆனால் என் பாதையை ஒருவர் கேட்டபோது, தூக்கிக் கொடுக்க இவருக்கு என் சம்மதம் தேவைப்படவில்லை. கொழும்புக்கு ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் போதும்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களே?”

“நீர் சண்டைக்கு நிப்பீர் எண்டு தெரியும். ஒரு துண்டு நிலத்துக்காக அவரோடை முகம் முறிக்கேலாது. வன்னியிலை நான் தனியக் கிடந்த நேரம், ஆர் எனக்கு இஞ்சை மாற்றம் எடுத்துத் தந்தது? அவர்தானே.”

“அந்த நன்றிக்கு உங்கடை கையிலை இருக்கிறதைக் குடுங்கோ. என்ரை பாதையைக் குடுக்க நீங்கள் ஆர்?”

“நானும் இந்த வீட்டிலைதானே இருக்கிறன்.”

“இருக்கிறியள். எழுதியிருக்கிறது என்ரை பேரிலை.”

அவர் முகம் சுருங்கியது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பிறகு அவர் சொன்னதுதான் என்னை உச்சிக்கு ஏற்றியது.

“சரி, அப்ப இன்சூரன்ஸே வேண்டாம். ஒண்டும் கேக்காமல் விடுவம். காரை நாங்களே செய்வம். சேரின்ரை மதிலையும் நான் என்ரை காசிலை கட்டிக் குடுக்கிறன். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.”

என் காரை உடைத்த மதிலை, என் பாதையின் மேல், என் வீட்டுக் காசிலேயே திரும்பக் கட்டித் தருவதாம். அன்று நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆனால் அந்தச் சண்டையில் எனக்கு ஒன்று தெளிவானது. கேட்காமல் விட்டால், பிழை என்னுடையது என்பதால்தான் வாயை மூடிக்கொண்டாள் என்று ஊர் சொல்லும். மதிப்பீட்டாளர் எழுதியபடி கேட்டால், பிழை என்னுடையது என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். நான் கேட்கத்தான் வேண்டும், ஆனால் என்னுடைய சொல்லில் கேட்கவேண்டும். கம்பனி மறுத்தால் மறுக்கட்டும்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு எடுத்து, பஸ்ஸில் யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனேன். கிளை அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள். வெளியூரில் இருக்கும் என் மூத்த மகளின் வயதிருக்கும். நான் வீட்டில் எழுதிக்கொண்டு போனதை வாசித்தாள். எதிரே லொறி வந்தது, ஒதுங்கினேன், பொது ஒழுங்கையின் ஒதுங்கும் இடத்தை மறித்துக் கட்டப்பட்ட மதிலில் கார் பட்டது, கார் என் கட்டுப்பாட்டில்தான் இருந்தது, மதில் அயல்வீட்டாருடைய எல்லையில் நிற்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தேன். அதோடு உறுதியில் பாதையைப் பற்றிய பக்கத்தின் பிரதியும் இருந்தது.

“அன்ரி, இது கொஞ்சம் பிரச்சினையாகும்” என்றாள். “மதிலுக்கு அவை கேக்கிற நட்டஈட்டைக் கம்பனி குடுக்காது. உங்களுக்கும் பிந்தும்.”

“பிந்தட்டும் பிள்ளை. வாங்கி முத்திரை அடிச்சுத் தாரும்.”

அடித்துத் தந்தாள். அதோடு பொலிஸ் முறைப்பாடும் வேண்டும் என்றாள். பொலிஸில் என்னை இருத்தி வைத்துவிட்டு, “கணவர் வரேல்லையோ” என்று கேட்டார்கள். கார் என் பேரில், ஓட்டியது நான், லைசென்ஸும் என்னுடையது, கணவர் எதற்கு என்று திருப்பிக் கேட்டேன். கேட்டவர் பேனாவைத் தேடுவதுபோல் மேசைக்குள் குனிந்தார். முறைப்பாட்டை எழுதுவித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். பிரதேச சபையிலும் ஒரு கடிதம் கொடுத்தேன்.

செய்தி பரவியது. மாதா கோயிலில் பெண்கள் என்னிடம் நேரே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூலைக்காகப் பெரிய மனிதரைப் பொலிஸ்வரை இழுத்துவிட்டாள் என்று பின் வாங்கில் இருந்து கதைத்தது என் காதில் விழும் அளவுக்குச் சத்தமாகவே இருந்தது. அதிபர் என்னோடு கதைப்பதை விட்டார். என் கணவரோடு வழமைபோலவே கதைத்தார். அது எனக்கு இன்னும் வலித்தது. பிரதேச சபையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து நாடா பிடித்து அளந்தார். “ஓம், வெளியிலைதான் வந்திருக்கு” என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார். எழுதிக்கொண்டு போனவர் போனவர்தான்.

தை மாதம் சேவையர் வந்தார். மகன் வந்து நின்றான். அன்று நான் லீவு போட்டேன். உறுதியோடு வளைவில் போய் நின்றேன். அதிபர் என்னைப் பார்க்காததுபோல் சேவையரிடம், “எல்லை மதிலோடைதான்” என்றார். நான், “இல்லை, இது பொதுப்பாதை, நான் முறைப்பாடு குடுத்திருக்கிறன்” என்று சொல்லிப் பிரதிகளை நீட்டினேன். சேவையர் அவற்றை ஆறுதலாக வாசித்தார். பிறகு பழைய படத்தின்படிதான் தன்னால் கீறமுடியும் என்று அதிபரிடம் சொன்னார். வெயில் ஏறியிருந்தது. மகன் தகப்பனைப் பார்த்து, “ஏன் அப்பா உங்களுக்கு உந்த வேலை” என்றான். அதிபர் வீட்டுக்குள்ளே போய்விட்டார். ஆக, புதுப் படத்தில் எல்லை பழைய வேலி நின்ற இடத்தில்தான் வளைந்து போகிறது. மதில் அதற்கு வெளியே நிற்கிறது. இடிக்கச் சொல்லி வழக்குப் போடலாம் என்றார்கள். அதற்கு எனக்கு இப்போது நேரமும் இல்லை, காசும் இல்லை. போடமாட்டேன் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை.

மாசி மாதத்தில் கம்பனி என் காருக்கு மட்டும் நட்டஈட்டை அனுமதித்தது. மதிலுக்கு மறுத்துவிட்டது. அதுவரை அதிபர் சரிந்த மூலையை அப்படியே விட்டுவைத்திருந்தார். கம்பனி தரும் என்று காத்திருந்தார் போலும். மறுத்த பிறகுதான் மேசனைக் கூப்பிட்டார். அதே இடத்தில், அதே மூலையை, தன் காசில் கட்டுவித்தார்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம்தான் கார் கராச்சிலிருந்து வந்தது. நான் ஓட்டிவந்தேன். கணவர் பக்கத்தில் இருந்தார். வளைவில் ஒழுங்கையை மறித்து மணல் கொட்டியிருந்தது. மேசன் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். அதிபர் குடைபிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் நிறுத்தினேன். அவர் என்னைக் கண்டார், கண்டுவிட்டு மேசனிடம் ஏதோ கதைத்தார். மணலை எடுக்கச் சொல்லவில்லை.

நான் ஹோர்னில் கையை வைத்தேன். எடுக்கவில்லை. சத்தம் கேட்டு அதிபரின் மனைவி வாசலுக்கு வந்தார். மேசன் அதிபரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மண்வெட்டியை எடுத்து மணலை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கினார். அவர் தள்ளி முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

“ஆக்கள் பாக்கினம்” என்றார் கணவர், தன் மடியைப் பார்த்துக்கொண்டு.

“வெக்கமெண்டால் இறங்கி நடந்து வாங்கோ.”

அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் முதலாம் கியரில் போட்டு, மதிலை உரசாமல், மணலின்மேல் காரின் ஒரு பக்கச் சில்லை ஏற்றி வீட்டுக்குப் போனேன்.